இடக்கை முடிச்சு

1411ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் இருபத்து நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. தவக்காலம் பிறப்பதற்கு முந்தைய கடைசிக் கொண்டாட்ட நாள். விடியலில் உருகத் தொடங்கிய பனி, பகல் ஏறியதும் ஈரமூட்டமாகத் திரண்டு நூரெம்பர்க் நகரின் செங்குத்தான கூரைகளை விழுங்கியிருந்தது. காற்று அறவே இல்லை. எல்லா வீட்டு இறவாரங்களிலும் நீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

பெட்டியைத் திறந்தவுடன் ஊல்மானுக்கு முதலில் எழுந்தது சினமே. பஞ்சு அடைத்த சிவப்புப் பட்டுச் சட்டையின் பொத்தான்கள் அனைத்தும் கழுத்துவரை பூட்டப்பட்டிருந்தன. முந்தைய மாலையில் அவனே அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, பட்டு மடங்காதவாறு இருபுறமும் விரித்து, உள்ளே கிராம்பு தூவி, மூடிப் பூட்டிச் சாவியைத் தன் கழுத்தில் மாட்டியிருந்தான். சாவி இன்னும் அவன் கழுத்திலேயே கிடந்தது.

"யூட்டே!" என்று படிக்கட்டின் மேலிருந்து கத்தினான். "என் பெட்டிய யாரு தொறந்தது?"

கீழே சமையலறையில் கொழுப்பு கொதிக்கும் ஓசை ஓயாமலே, அவ்வீட்டில் இருபது ஆண்டுகளாகச் சமைத்து வரும் யூட்டேயின் குரல் எழுந்தது. "உங்க பெட்டியா? அது பெரியவர் பெட்டின்னுல்ல நான் நெனச்சிருந்தேன்!"

"செத்துப்போன அண்ணனுக்கு ஏது பெட்டி?"

"அதானே நானும் கேக்கறேன். செத்தவர் சட்டைய உசுரோட இருக்கறவர் எதுக்குப் பூட்டி வைக்கணும்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. பொத்தானப் போட்டது நீதானே?"

"ஐயோ, இந்தக் கையப் பாருங்க, தம்பி." அவள் படியடிக்கு வந்து இரு கைகளையும் தூக்கிக் காட்டினாள். கைகளில் மாவும் பன்றிக்கொழுப்பும் முழங்கைவரை மின்னின. "இந்தக் கையால தொட்டிருந்தா அது சட்டையாவா இருக்கும்? பலகாரமாயிருக்கும். நான் அந்த அறை வாசப்படியக்கூட மிதிக்கறதில்ல. பெரியவர் போனதுலேர்ந்து."

அவன் கதவை ஓங்கிச் சாத்தினான். பொய் சொல்லுகிறாள் என்று தனக்குள் கூறிக்கொண்டான். பின்னர், அவள் ஒருபோதும் பொய் சொல்லியதில்லை என்பது நினைவுக்கு வர, அதற்காகவும் அவள்மீது சினந்தான்.

பொத்தான் பூட்டிய சட்டை பெட்டிக்குள் தட்டையாகக் கிடக்கவில்லை. வெனிஸ் நகரிலிருந்து அண்ணன் ஹெர்டெகன் கொணர்ந்த கருஞ்சிவப்புப் பட்டில், மார்பு புறாவின் மார்புபோல் முன்தள்ளவும் இடை குளவியின் இடைபோல் ஒடுங்கவும் உள்ளே பஞ்சு அடைத்து நெருக்கித் தைத்த சட்டை அது. பிற உடுப்புகள் அணிபவனின் உருவத்தை ஏற்கும். இதுவோ தன் உருவத்தை அணிபவனுக்கு அளிக்கும். ஒருவரும் அணியாதபோதும் அதற்கு ஓர் உடல் இருந்தது. மல்லாந்து படுத்து, மார்பை உயர்த்தி, மூச்சை இழுத்துப் பிடித்திருக்கும் தலையற்ற ஒருவனைப்போல் அது பெட்டிக்குள் கிடந்தது.

இச்சட்டைக்காக ஊல்மான் எதையும் செய்திருப்பான் என்பதைப் புரிந்துகொள்ள அவனுடைய பழைய உடுப்புகளைப் பார்த்தாலே போதும். நினைவு தெரிந்த நாள் முதலாக அவன் அணிந்தவை யாவும் அண்ணனின் உடலில் ஏறி இறங்கியவை. வெளிப்பக்கம் நைந்தவுடன் தையற்காரன் தையலைப் பிரித்து, துணியை மறுபுறம் திருப்பி, சாயம் போகாத உட்பக்கம் வெளியே தெரியுமாறு மீண்டும் தைத்துத் தருவான். இளையவனுக்கு அதுவே புத்தாடை. அவ்வாறு திருப்பிய சட்டையில் பொத்தான்கள் எதிர்ப்பக்கத்தில் வந்து அமரும். ஆதலால் தெருவில் செல்லும் எவரும் ஒரே பார்வையில் அது பழையது என அறிந்துகொள்வர். ஹெர்டெகன் விருந்தினர் நடுவில் அவன் தோளில் அறைந்து, "என்னடா திருப்பித் தச்சவனே, அக்குள்ல என் வாசம் இன்னும் அடிக்குதா?" என்று கேட்பான். அனைவரும் சிரிப்பர். சிரித்தவர்களுள் கத்ரேயும் ஒருத்தி. ஹெர்டெகனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவள் அவள். அவன் இறந்தபின் அவளையும் இளையவனுக்கே திருப்பிக் கொடுப்பது என இரு குடும்பத்தாரும் பேசி முடித்திருந்தனர். இன்று மாலை நகர மன்றத்து நடனத்தில் அவள் கையை அவன் பற்றவேண்டும். வரிசையின் தலைப்பில், அண்ணன் நின்ற இடத்தில், நகரம் முழுவதும் பார்க்க அவன் நிற்கவேண்டும். இந்த ஒரு மாலையிலேனும் திருப்பித் தைத்தது உடுத்தாமல் நிற்கவேண்டும்.

ஆனால் அந்தச் சட்டை அவனுக்கு உரியதன்று. அந்தக் கோயில் பங்கில் இறந்தவனின் உடுப்புகளுள் தலைசிறந்ததைச் சவப்பெட்டியின்மேல் விரித்து, வாரிசு அதன்மேல் கைவைத்து, இவன் முதுகு கண்டவற்றுள் இதுவே சிறந்தது என உரக்கச் சொல்லிக் கோயிலுக்கு ஒப்படைப்பது வழக்கம். தீர்ப்பு நாள்வரை ஆன்மா அந்த உடுப்பிலேயே குளிர் தாங்கும் என்பர். நவம்பரில், நெஞ்சுச் சளியில் மூச்சடைத்து ஹெர்டெகன் இறந்தபோது, ஊல்மான் விரித்தது பூச்சி அரித்த சாம்பல் நிறப் பயண அங்கியை. அதன்மேல் கைவைத்து, நடுங்காத குரலில் அச்சொற்களைச் சொன்னான். பின்னர் குனிந்து, மரப்பலகையோடு உதடு பொருத்தி, எவருக்கும் கேளாதவாறு இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்தான்.

"இப்ப நீ போட்டுக்கோ, பழசு."

நண்பகலில் கதவு தட்டப்பட்டது. மூட்டத்துக்குள் கோயில் குட்டியார் லுட்ஸ் தொப்பியைக் கையில் பிடித்தவாறு நின்றார். மணியடிப்பதும் குழி வெட்டுவதும் அவருடைய வேலை; அவர் உடலிலிருந்து மெழுகும் ஈரமண்ணும் கலந்த நெடி எப்போதும் வீசும்.

"சின்ன எசமான், சாமி அனுப்பினாரு. நாளைக்கு நெத்தில சாம்பல் பூசற நாளு. அதுக்குள்ள குடுத்துட்டா நல்லதுன்னாரு."

"அதான் அன்னைக்கே குடுத்தாச்சே."

"குடுத்தீங்க. பூச்சி தின்ன அங்கி. போன வருசம் இதே நாள்ல பெரியவரு செவப்புல ஆடிக்கிட்டுப் போனத நான் மணிக்கூண்டுலேர்ந்து பாத்தேன். அவ்ளோ ஒசரத்துலயே கண்ணு கூசுச்சு."

"அந்தக் கண்ண நோண்டிருவேன்."

"நோண்டுங்க. மணியடிக்கக் காது போதும்." லுட்ஸ் சிரிக்கவில்லை. "எல்லாக் குழி மேலயும் பனி கெடக்கு, எசமான். அவரு குழி மேல மட்டும் இல்ல. உருகவும் இல்ல, ஈரமே காணோம். கீழேர்ந்து யாரோ போர்வைய உள்ள இழுத்துக்கிட்டாப்ல இருக்கு."

"குடிச்சிருக்கியா?"

"இன்னைக்கு யாரு குடிக்கல? ஆனா அதப் பாத்தது நேத்து." அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "நாம குடுத்தா நாம குடுத்ததுதான். குடுக்கலேன்னா அவுங்களே எடுத்துக்கிடுவாங்க. அப்ப எது நல்ல உடுப்புன்னு நாம சொல்ல முடியாது பாருங்க. அவுங்க கைக்கு எது கதகதப்பாப் படுதோ, அது."

ஊல்மான் அவர் முகத்துக்கு நேரே கதவை அறைந்தான். அறைந்த அதிர்வில் மேல்மாடியில் ஏதோ ஒலித்தது. மிக மெல்லிய, வெள்ளி அதிர்வதுபோன்ற ஒற்றை ஒலி. அண்ணனின் சலங்கைக் கச்சை. பேரிக்காய் வடிவில் சிறு வெள்ளி மணிகளைத் தொங்கவிட்ட இடுப்புப் பட்டை அது. நகர மன்றத்தின் ஆணையால் ஆண்டு முழுதும் தடை செய்யப்பட்டு, இந்த ஒரு நாள் மட்டும் காவலர் கண்டும் காணாததுபோல் விடும் ஆடம்பரம். கதவின் அதிர்வுதான் காரணம் என்று எண்ணி, அவன் நின்று கேட்டான். அதிர்வு அடங்கியது. மணி அடங்கச் சற்றுத் தாமதமாயிற்று.

பிற்பகல் சாயத் தொடங்கியதும் அவன் அறையைத் தாழிட்டு உடுத்தலானான். சாளரத்தின் வட்டக் கண்ணாடிகளில் மூட்டம் பால்போல் படிந்திருந்தது. பச்சை ஓடு பதித்த கணப்பு கனன்றுகொண்டிருந்தும் அறையின் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு மட்டும் குளிர் தனித்து நின்றது. கீழிருந்து பொரிந்த மாவின் இனிய மணமும், பெட்டியிலிருந்து கிராம்பின் காரமும், அவ்விரண்டுக்கும் அடியில், முதலில் ஊகமாகவும் பின்னர் ஐயமற்றும், வேறொன்றும் வந்தது. இருபத்தாறு ஆண்டுகளாகத் தன் ஒவ்வொரு சட்டையின் அக்குளிலும் அவன் முகர்ந்த வியர்வை.

ஒரு கால் சிவப்பும் ஒரு கால் வெள்ளையுமான நீள் காலுறைகளைத் தொடைவரை இழுத்து ஏற்றினான். நுனி நீண்டு வளைந்த காலணிகளைக் குனிந்து எடுக்க முற்பட்டபோது கை நின்றது. அவற்றை அவன் சுவரை நோக்கி வைத்திருந்தான். இப்போது அவற்றின் அலகுபோன்ற நுனிகள் இரண்டும் அவனை நோக்கியிருந்தன. எதிரே நின்று ஒருவன் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் காலணிகள் எப்படி இருக்குமோ, அப்படி.

"யூட்டே பெருக்கியிருப்பா," என்று வாய்விட்டுச் சொன்னான். அவள் அந்த வாசற்படியை மிதிப்பதில்லை என்று காலையில் சொன்னதை நினைக்க மறுத்தான்.

சட்டையைத் தூக்கினான். கனத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. சற்றுமுன் ஒருவன் கழற்றிப் போட்டதுபோல் உள்பக்கம் ஈரக்கசிவோடு வெதுவெதுப்பாக இருந்தது. கணப்பின் வெப்பம், என்றான். பெட்டி கணப்புக்கு மறுசுவரில் இருந்தது. சினமே அப்போதும் அவனைக் காத்தது. இருபத்தாறு ஆண்டுகள் காத்திருந்தேன், இனி ஒரு வியர்வை நாற்றத்துக்கு அஞ்சி அம்மணமாகவா நடனத்துக்குப் போவேன் என்று எண்ணி, பொத்தான்களைக் கழற்றி, கைகளை நுழைத்து, மீண்டும் பூட்டினான். அவை தயங்காமல் துளைகளில் சென்று அமர்ந்தன. கழுத்துப் பொத்தானை மட்டும் விட்டுவைத்தான், மூச்சுக்கு.

கையோரத்தில் இலை இலையாக வெட்டிய தொங்கல்களைக் கட்டும் நாடாக்கள் ஏற்கெனவே முடியப்பட்டிருந்தன. அவற்றை உற்று நோக்கினான். வலக்கையர் கட்டும் முடிச்சு ஒரு பக்கம் சாயும். இடக்கையர் கட்டுவது மறுபக்கம் சாயும். அந்நகரில் நாடாவைக் கட்டிவிடவே பிள்ளைப் பருவத்தை எல்லாம் செலவிட்ட ஒரு தம்பிக்கு இது தெரியாமல் இராது. ஹெர்டெகன் இடக்கையன்.

பழைய முடிச்சு, என்றான். அவன் சாவதற்கு முன் கட்டியது. அவ்வளவுதான்.

முன்புறத்தில் காலுறையைச் சட்டையோடு பிணைக்கும் நாடாக்களை அவனே கட்டினான். பின்புறத்து நாடாக்கள் எஞ்சின. எந்த ஆடவனாலும் அவற்றைத் தானே கட்டிக்கொள்ள இயலாது. அதற்காகவே வேலையாளையோ உடன்பிறந்தவனையோ பின்னால் நிறுத்துவர். பதினைந்து ஆண்டுகள் இந்த அறையில், இந்த இடத்தில், அண்ணனின் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டு அவன் அதைச் செய்திருக்கிறான். இன்று சித்தப்பா மகன் எபர்லின் வந்து கட்டுவதாகச் சொல்லியிருந்தான். பகல் முடிவு மணிக்கு வருவேன் என்றிருந்தான். நூரெம்பர்க்கின் கடிகாரம் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியே எண்ணும்; கதிர் மறையும்போது நெடுநேரம் ஒலிக்கும் அந்த மணி, மூட்டத்தின் அடியிலிருந்து எழுவதுபோல் அப்போது தொடங்கியது.

அது ஒலித்துக்கொண்டிருக்கையிலேயே பின்னால் நாடா இழுபட்டது.

"வந்துட்டியா?" அவன் திரும்பவில்லை, சாளரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "கதவத் தட்டத் தெரியாதா உனக்கு?"

அடுத்த நாடா இழுபட்டது. பழகிய, பொறுமையான இழுப்பு.

"இறுக்கு. இன்னும் இறுக்கு. அவன் எடுப்பு எனக்கும் வரணும். கத்ரே பாத்ததும் மூச்சு நின்னுடணும்."

இறுகியது. விலா எலும்புகள் ஒன்றோடொன்று நெருங்கின.

"அப்படித்தான். பேச மாட்டியா? குடிச்சிட்டு வந்திருக்க, அதானே?" ஊல்மான் சிரித்தான். மணியோசையும் இறுக்கமும் அவன் தலைக்குள் ஒருவித வெறியை ஏற்றின. சேர்த்துவைத்த சினம் நாவுக்கு வந்தது. "ஒண்ணு சொல்லட்டுமாடா, எபர்லின்? யார்கிட்டயும் சொன்னதில்ல. அவன் சாகறப்பகூட இந்தச் சட்டையத்தான் கேட்டான். 'பெட்டியத் தொறடா, குளிருதுடா'ன்னு விடிய விடிய கேட்டான். சாவி என் கழுத்துலதான் தொங்கிட்டிருந்துச்சு. அவன் கண்ணு அது மேலயே இருந்துச்சு. நான் தொறக்கலியே. குளிரட்டும்னு விட்டுட்டேன்."

நாடா பாதியில் நின்றது.

மணியும் நின்றது. இறவாரத்தில் நீர் சொட்டும் ஓசை மட்டும்.

பின்னர் இழுப்பு மீண்டும் தொடங்கியது. முன்னிலும் மெதுவாக, முன்னிலும் நேர்த்தியாக. முடிச்சு ஒன்று விழுந்தது. அது முதுகெலும்பின்மேல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை அவன் தோலால் உணர்ந்தான்.

அவ்வேளையில், சாளரத்தின் கீழே தெருவிலிருந்து, வாயில் எதையோ மென்றவாறு எபர்லின் கூவினான்.

"டேய் ஊல்மா! எறங்கி வாடா! கால் ஒறஞ்சு போச்சு! மேல ஏறி வந்து கட்டிவிடணுமா, இல்ல நீயே கட்டிக்கிட்டியா?"

ஊல்மான் அசையவில்லை. அறை தாழிட்டிருந்தது. தாழிட்டது அவனே. சாளரத்தின் வட்டக் கண்ணாடிகள் ஒவ்வொன்றிலும் அவனுடைய சிவப்பு மார்பு சிறிதாகத் தெரிந்தது. அதன் பின்னால் எதுவும் தெரியவில்லை. எதுவும் தெரியாத அந்த இடத்தில் இன்னொரு நாடா எடுக்கப்பட்டது.

கத்த முயன்றான். மூச்சு போதவில்லை. அவன் மூச்சை வெளிவிட்டபோது சட்டையின் பஞ்சு உப்பியது. அவன் உள்ளிழுத்தபோது அது ஒடுங்கியது. அவனுக்கு எதிராக அது மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அவன் விட்ட காற்றை அது வாங்கிக்கொண்டது. திருப்பித் தரவில்லை.

பொத்தானைப் பிடித்தான். கழற்றினான். அடுத்ததைப் பிடிப்பதற்குள் முதலாவது பூட்டிக்கொண்டது.

"இது என்னுது," என்றான். குரல் முனகலாக வந்தது; ஆயினும் அதில் அச்சத்தைவிடச் சினமே மிகுந்திருந்தது. "கேக்குதா? உன்னோட பழச எல்லாம் போட்டாச்சு. உன் செருப்பு, உன் குல்லா, உன் பொண்ணு. இது ஒண்ணு என்னுது. குடுக்க மாட்டேன்!"

சாளரத்தடியில் துணி வெட்டும் கத்திரிக்கோல் கிடந்தது. எடுத்தான். இடப்பக்க விலாவில், தையலோரம் நுழைத்து, ஒரே வெட்டாக வெட்டினான்.

வெட்டு வாயில் பஞ்சு வெள்ளையாக எட்டிப்பார்த்தது.

பின்னர் சிவந்தது.

வலித்தது. சட்டைக்குக் கீழே அல்ல. சட்டையிலேயே வலித்தது. பட்டு வலித்தது. நூல் வலித்தது. கத்திரிக்கோல் விழுந்தது. கீழே குனிய முடியவில்லை. வெட்டின் இரு விளிம்புகளும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தன. தையல் விழுந்தது. ஒன்று. அதன்பின் ஒன்று. ஊசி இல்லை. ஊசியின் வலி மட்டும்.

குளிர் நின்ற இடம் காலியாக இருந்தது. அறையின் நடுவே இப்போது குளிர் இல்லை.

குளிர் உள்ளே வந்திருந்தது.

அது அவன் கைகளுக்குள் நுழைந்தது. சட்டைக் கைக்குள் கை நுழைவதுபோல், தோளிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு, விரல்விரலாக. கால்களுக்குள் இறங்கியது. ஒருமுறை உதறிப் பார்த்தது. தோள்களைச் சரிசெய்தது. ஒவ்வொரு விளிம்பிலும் அவனைப் பிடித்து, இழுத்து, மறுபுறம் திருப்பியது.

அறை மறைந்தது.

இருட்டு. பஞ்சின் மணம். கிராம்பு. முகத்துக்கு நேரே, மிக அருகில், ஓர் இதயம் துடித்தது. அவனுடையது அன்று.

"வர்றேன்டா, கத்தாத!" என்றது அவன் வாய். குரல் ஒரு படி தாழ்ந்து, சோம்பலாக, சிரிப்போடு இருந்தது.

சலங்கைக் கச்சை இடுப்பில் ஏறியது. தாழ் விலகியது. படிக்கட்டில் கால்கள் இறங்கின. ஒவ்வோர் அடிக்கும் இடுப்பைச் சற்றே வெட்டி, மணிகள் இடமிருந்து வலமாக வரிசையில் ஒலிக்குமாறு இறங்கும் அந்த நடையை ஊல்மான் கண்ணாடிமுன் எத்தனையோ முறை பழகித் தோற்றிருந்தான். இன்று அவன் கால்கள் அதில் ஓர் அடிகூடத் தவறவில்லை.

படியடியில் யூட்டே பலகாரத் தட்டோடு நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். கையை அல்ல, முகத்தை அல்ல, நடையைப் பார்த்தாள்.

"பெரியவரே," என்றாள்.

தட்டு விழுந்தது. சூடான உருண்டைகள் கல்தரையில் உருண்டோடின. உள்ளே, இருட்டில், ஊல்மான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். அந்தக் கத்தல் பஞ்சில் புதைந்தது. வெளியே அவன் கை குனிந்து ஓர் உருண்டையை எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டது. எடுத்தது இடக்கை.

"வருசம் பூரா இதத்தான் நெனச்சிட்டிருந்தேன்," என்றது வாய், மென்றபடி. "உப்புக் கொறச்சல், யூட்டே."

தெருவில் தீப்பந்தத்தோடு நின்ற எபர்லின் வாய்பிளந்தான். "அடேயப்பா! அப்படியே உங்க அண்ணன்டா! அதே நடை, அதே நெஞ்சு! திருப்பித் தச்சவன்னு இனி எவன் சொல்லுவான்? அண்ணனோட உடுப்பு புதுசு மாதிரி மின்னுதேடா!"

"புதுசு இல்லடா, பழசுதான்." அவன் கழுத்து சுகமாக ஒருமுறை சுழன்று நிமிர்ந்தது. "தம்பியோடது. கொஞ்சம் இறுக்கமா இருக்கு. போடப் போடச் சரியாயிடும்."

எபர்லின் தொடையில் அறைந்து சிரித்தான். நகைச்சுவை என்றே எண்ணினான். இருவரும் தோளோடு தோள் உரச, இசையும் வெளிச்சமும் கத்ரேயும் காத்திருந்த மன்றத்தை நோக்கி மூட்டத்துக்குள் நடந்தனர். மணிகள் வரிசையில் ஒலித்தன. மூலையைத் திரும்பும் முன் அவன் நின்று, குளிருக்கு அடக்கமாக, ஊல்மான் மூச்சுக்கென விட்டுவைத்திருந்த கழுத்துப் பொத்தானை இடக்கையால், நிதானமாக, துளைக்குள் செலுத்திப் பூட்டினான்.

அப்போது நகரக் கடிகாரம் இரவின் முதல் மணியை அடித்தது.